துறைகள் சந்திக்க ஒரு படிக்கட்டு

வாசகர் கேள்விகளுக்குக் கட்டடக்கலைஞர் பதில்

வீடு, வாஸ்து, நீர்க்கசிவு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, சேலம் மாவட்டத்திலிருந்து வந்த சில கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். பல துறையினர் சேர்ந்து பணியாற்றும் உயர்கல்விக் கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்பதையே அவை எல்லாம் வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன. ஒரு பதில் இன்னொன்றைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் தரைத்தளமும் அதன்மேல் நான்கு தளங்களும் கொண்ட புதிய கட்டடம் வரவிருக்கிறது. வேதியியல், நுண்ணுயிரியல், நிலவியல், பொருளியல் ஆகிய நான்கு துறைகள் அதில் இடம்பெறும். துறைகளுக்கிடையே கூட்டாய்வு வளர வேண்டும் என்பதே திட்ட அறிக்கையின் முதல் வரி. ஆனால் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு துறைத் தலைவரும் தமக்கு ஒரு தளம் முழுமையாக வேண்டும் என்கிறார். தரைத்தளத்தில் பெரிய கூட்டரங்கு ஒன்றைக் கட்டிவிட்டால் அதுவே எல்லோரையும் சேர்த்துவிடும் என்றும் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன? (பேராசிரியர் ஒருவர், சேலம்)

பதில்: கூட்டரங்கு சேர்த்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடும்படி கேட்டுக்கொள்வேன். கூட்டரங்கு சிறப்பு விருந்தினர் வரும் நாளில் திறக்கிறது. வருபவர்கள் தத்தம் துறையினரோடு அமர்ந்து, மேடையைப் பார்த்துவிட்டு, தேநீர் முடிந்ததும் கலைந்துபோகிறார்கள். ஒருவருடைய ஆய்வு இன்னொருவருடைய ஆய்வைத் தொடுவது அப்படி நடப்பதில்லை. 'அந்த மாதிரியை என்ன செய்தீர்கள், முடிவு வந்துவிட்டதா?' என்று நின்றபடி கேட்கும் இரண்டு நிமிடப் பேச்சு வாரத்துக்கு நான்கு முறை நடந்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தை அடிக்கடி நேரச் செய்வதுதான் கட்டடத்தால் ஆகக்கூடிய உதவி.

தளத்துக்கு ஒரு துறை என்ற பங்கீடு இந்த உதவியையே அடியோடு பறித்துவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் (எம்.ஐ.டி.) சேர்ந்த தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடங்களில் பணியாற்றும் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்து 1977-இல் நூலாக வெளியிட்டார். இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூடப் பேச்சு வேகமாகக் குறைந்து, 50 மீட்டரை எட்டும்போது ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது என்பதே அவர் கண்டது. 50 மீட்டர் என்பது நம் கல்லூரிகளில் ஒரு வராந்தாவின் நீளம் மட்டுமே. இடையில் மாடிப்படி குறுக்கிட்டால் நிலைமை இன்னும் மோசம். கீழ்த்தளத்தில் இருப்பவர் வேறு ஊரில் இருப்பவரைப் போல ஆகிவிடுகிறார்.

இதற்கு மறுபக்கச் சான்று பாரிஸில் கிடைத்தது. அங்குள்ள ஜுஸ்யூ பல்கலைக்கழக வளாகத்தின் கட்டடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்ற வேண்டியிருந்ததால், ஆய்வகங்கள் தமக்கு வேண்டிய அண்டை வீட்டாரைத் தேர்ந்துகொள்ள முடியாத நிலையில் இடம் மாற்றப்பட்டன. அந்த இடமாற்றங்களை ஆராய்ந்த கிறிஸ்டியன் கத்தாலினி, ஒரே இடத்தில் வந்து சேர்ந்த ஆய்வகங்கள் கூட்டாய்வில் இறங்கும் வாய்ப்பு 3.5 மடங்கு உயர்ந்ததை 2018-இல் வெளியான தம் கட்டுரையில் காட்டினார். தாமாக ஒருவரையொருவர் தேடிக் கண்டடைவது கடினமாக இருந்திருக்கக்கூடிய ஆய்வகங்களிடையேதான் இந்த விளைவு பெரும்பாலும் ஏற்பட்டது என்பதைத் தங்கள் குழுவினர் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

தங்கள் நான்கு துறைகளுக்கும் சேலத்திலேயே பொதுவான வேலை காத்திருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மாவுச்சத்தை நொதிக்கச் செய்து எரிவாயு எடுப்பது நுண்ணுயிரியலார் அறிந்த கலை. மரவள்ளிக் கிழங்கிலிருந்து நீரில் இறங்கும் சயனைடு சேர்மங்களை அளப்பது வேதியியலார் வேலை. அந்த நீர் எந்தப் பாறை வெடிப்பின் வழியே பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை அடைகிறது என்பதை நிலவியலார் சொல்ல வேண்டும். எரிவாயுக் கலனை வைக்க ஒரு சிறிய ஆலைக்காரர் ஏன் தயங்குகிறார் என்பதைப் பொருளியலார்தான் உட்கார்ந்து கேட்டறிய முடியும். இந்த நால்வரும் நான்கு தளங்களில் இருந்தால் நான்கு ஆய்வேடுகள் வரும்; ஆலைக் கழிவு வாய்க்கால் அப்படியே இருக்கும்.

ஆகவே துறைவாரியாகப் பிரிப்பதை விட்டு, வேலையின் தன்மையைக் கொண்டு பிரியுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், புகைபோக்கி வேண்டிய ஆய்வகங்களைக் கட்டடத்தின் ஒரு பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அது குழாய்ச் செலவையும் குறைக்கும். மறுபக்கம் மேசையும் புத்தகமும் மட்டும் வேண்டிய அறைகள் வரட்டும். அங்கே ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது இரண்டு துறையினரின் அறைகள் கலந்திருக்கட்டும். பொருளியல் பேராசிரியரின் அறைக்கு அடுத்த கதவு நிலவியலாருடையதாக இருக்கட்டும். பிறகு எல்லோருக்கும் தினமும் தேவைப்படுபவற்றைப் பட்டியலிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக மட்டும் வையுங்கள்: ஒரு தேநீர் இடம், விலை உயர்ந்த பொதுக் கருவிகளுக்கு ஓர் அறை, ஒரு நகலெடுக்கும் இடம், கடிதங்கள் வந்து சேரும் ஒரு மேசை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஓவன்-ஸ்மித் குழுவினர் செய்த ஆய்வில், இரண்டு ஆய்வாளர்களின் அன்றாட நடைபாதைகள் 100 அடி அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலே அவர்களுக்கிடையேயான கூட்டாய்வு 20 சதவீதம் வரை உயர்ந்தது. இருக்கையிலிருந்து கழிப்பறைக்கும் லிஃப்டுக்கும் போகும் சாதாரண நடைதான் அங்கே கணக்கில் வந்தது.

துறைத் தலைவர்களின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். தம் துறை கரைந்துவிடும், மாணவர்கள் வழி தெரியாமல் அலைவார்கள், வேதிப்பொருள்களுக்கு யார் பொறுப்பு என்ற குழப்பம் வரும் என்பவை நியாயமான கவலைகள். ஒவ்வொரு துறைக்கும் பெயர்ப்பலகையுடன் ஓர் அலுவலகமும், பூட்டுள்ள இருப்பறையும், பத்துப் பேர் அமரும் ஒரு சிற்றறையும் தனியே இருக்கட்டும். அதற்கு மேல் தளம் முழுவதையும் கேட்டால், திட்ட அறிக்கையின் முதல் வரியை அவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சுவர்களை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே பெரிய கூடத்தில் அமர்த்தினால் கலந்து பழக மாட்டார்களா? (கல்லூரி மாணவர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: மாட்டார்கள். ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை அகற்றித் திறந்த கூடங்களுக்கு மாறிய இரண்டு பெருநிறுவனங்களின் ஊழியர்கள் நேரில் பேசிக்கொள்வது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துபோனது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும்தான் கூடின. எல்லோர் கண்ணும் தன்மேல் படும் இடத்தில் மனிதர் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு திரைக்குள் ஒளிந்துகொள்கிறார். படிப்பவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அதைத் திறந்து வெளியே வந்தால் பிறரைக் காண ஓர் இடம் வேண்டும். நம் பழைய வீடுகளில் உள்ளறையும் இருந்தது, திண்ணையும் இருந்தது.

கேள்வி: நான் கட்டடங்களுக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர். வராந்தா, படிக்கட்டு, முற்றம் ஆகியவற்றைப் பயன்படாத பரப்பு என்றே கணக்கில் எழுதுகிறோம். அதைக் குறைப்பதுதான் சிக்கனம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். ஆனால் தாங்கள் அவற்றை அகலப்படுத்தச் சொல்கிறீர்கள். எப்படி நியாயப்படுத்துவது? (வாசகர், ஓமலூர்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கினேன் என்று சொல்லலாம். முதல் பதிலில் சொன்ன எல்லாமே அந்தப் 'பயன்படாத பரப்பில்' நடப்பவை. ஆறடி அகல வராந்தாவில் இருவர் நின்று பேசினால் மூன்றாமவர் 'கொஞ்சம் வழி விடுங்கள்' என்கிறார். பேச்சு அத்தோடு முடிகிறது. பத்தடி கொடுத்தால் இருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேச, இருவர் தடையில்லாமல் நடந்து போகலாம். எல்லா இடத்திலும் பத்தடி வேண்டியதில்லை. ஆறரை அடியாகப் போகும் வராந்தா, படிக்கட்டு அருகிலும் தண்ணீர்க் குடம் அருகிலும் மட்டும் பன்னிரண்டு அடியாக விரிந்து சுருங்கினால் போதும். மதிப்பீட்டில் அது பெரிய தொகையாக வராது.

சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. பி.வி. தோஷி வடிவமைத்த இந்திய மேலாண்மைக் கழகத்தை வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை நடந்து பாருங்கள். ஃபதேபூர் சிக்ரியின் முற்றங்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட அந்த வளாகத்தில் கருங்கல் சுவர்களுக்கிடையே நடைவழிகள் ஓரிடத்தில் கூரையோடும், ஓரிடத்தில் கொடி படர்ந்த விட்டங்களுக்குக் கீழும், ஓரிடத்தில் திறந்த வானத்தின் கீழும் போகின்றன. வழியெங்கும் உட்கார இடமிருக்கிறது. அந்த நடைவழிகளை எடுத்துவிட்டால் அங்கே வகுப்பறைகளின் வரிசை மட்டுமே மிஞ்சும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் அச்சுத் கான்விந்தே 1960-களில் நூலகத்தையும் வகுப்பறைகளையும் துறைக் கட்டடங்களையும் கூரையிட்ட உயர்நடைபாதைகளால் இணைத்தார். வட இந்தியக் கோடையிலும் மழையிலும் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நிழலிலேயே போகலாம். வெயிலில் நடக்க வேண்டியிருந்தால் யாரும் யாரையும் தேடிப் போவதில்லை.

நம் ஊருக்கு ஒரு குறிப்பு. வடக்கு முகம் என்றால் வெயில் படாது என்று எண்ணி வராந்தாவைக் குட்டையான சன்ஷேடோடு விட்டுவிடுகிறோம். சேலம் ஏறத்தாழ 11.65 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறது; அதன்பின் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய நாள்வரை வடக்குப் பக்கமே நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்து வெயில் வடக்கு வராந்தாவுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். ஆகவே நான்கு பக்கமும் கூரை தாராளமாக வெளியே நீள வேண்டும். மேற்கே மாலை வெயிலும் வருகிறது, ஆடிக் காற்றும் வருகிறது. அங்கே முழுச் சுவர் எழுப்பாமல் செங்கல் ஜாலி வைத்தால் வெயிலை வடிகட்டிக் காற்றை உள்ளே விடும்.

படிக்கட்டைக் கட்டடத்தின் மூலையில், இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படட்டும்; லிஃப்ட் அதைத் தாண்டி உள்ளே இருக்கட்டும், ஆனால் முதியோரும் ஊன்றுகோலோடு வருபவரும் எளிதாகச் சென்றடையும்படி இருக்கட்டும். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டரும் மிதிப்பு 30 சென்டிமீட்டரும் இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். படி திரும்பும் தளமேடையை இரண்டடி கூட்டி, ஒரு சன்னலும், 45 சென்டிமீட்டர் உயரத்தில் சிமெண்டுத் திண்ணையும் வையுங்கள். தீ விபத்துக்கான தனிப் படிக்கட்டு விதிப்படி வேறாக இருக்கத்தான் வேண்டும். மேலிடத்துக்கு எழுதும்போது இந்தப் பரப்பைப் 'பயன்படாத பரப்பு' என்று எழுதாமல் 'கலந்துரையாடும் பரப்பு' என்று தனி வரியாக எழுதிக் கணக்குக் காட்டுங்கள். பெயர் இல்லாத பரப்புதான் வெட்டப்படுகிறது.

கேள்வி: தேநீர்ப் பேச்சில்தான் ஆராய்ச்சி பிறக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் வளாகத்தில் டீக்கடை வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆண்கள் மட்டுமே அங்கே நிற்பார்கள். என் வழிகாட்டியின் ஆண் மாணவர்களுக்கு அங்கே கிடைக்கும் அறிமுகங்கள் எனக்குக் கிடைப்பதில்லை. கட்டடம் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? (முனைவர் பட்ட ஆய்வாளர், ஆத்தூர்)

பதில்: முடியும், அம்மா. செய்யவும் வேண்டும். நான் இத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தும் இந்தக் கோணத்தை உரிய அளவுக்கு எண்ணிப் பார்த்ததில்லை என்பதைத் தங்கள் கடிதம் உணர்த்தியது. தற்செயலாகச் சந்திக்கும் இடத்துக்கு யார் தயக்கமின்றி வர முடியும் என்ற கேள்வியைக் கேட்காமல் வரையப்படும் வரைபடம், பாதிப் பேருக்காக மட்டுமே வரையப்படுகிறது.

தேநீர் இடம் சாலையிலிருந்து வளாகத்துக்குள், அதுவும் கட்டடத்துக்குள்ளேயே வர வேண்டும். முட்டுச்சந்தில் வைக்காமல் இரண்டு பக்கமும் வழியுள்ள இடத்தில், நூலகத்தின் சன்னல்களும் அலுவலகத்தின் சன்னல்களும் பார்க்கும்படி அமைய வேண்டும். எழுந்து போக ஒரே வழி இருக்கும் இடத்தில் பெண்கள் நீண்ட நேரம் உட்கார விரும்புவதில்லை. இருபது அடிக்குள் நல்ல வெளிச்சத்தோடு பெண்கள் கழிப்பறை இருக்க வேண்டும். எத்தனையோ கட்டடங்களில் அது கடைசித் தளத்தின் கோடியில், துறைத் தலைவரிடமோ அலுவலக உதவியாளரிடமோ சாவி கேட்டுப் போகும்படி இருக்கிறது. அங்கிருந்து விடுதி வாசல்வரை இருளில்லாத ஒரு வழி வேண்டும்.

சாவி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு கல்விக் கூடத்துக்கு முற்றத்தோடு கூடிய கட்டடம் வரைந்து கொடுத்தேன். முற்றத்தைச் சுற்றித் திண்ணை, நடுவில் புங்க மரம். திறப்பு விழா முடிந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மாணவரும் மாணவியரும் சேர்ந்து உட்காருகிறார்கள் என்பதற்காக முற்றத்துக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். திண்ணைமேல் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. யார் கேட்டாலும் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அந்த நாள் எனக்கு இன்றும் வலிக்கிறது. அதன்பிறகு பொது இடங்கள் எதற்கும் கதவு வைக்கும்படி நான் வரைவதில்லை. கதவு மாட்ட நிலையே இல்லாத அகலமான திறப்பாக விட்டுவிடுகிறேன். நிர்வாகத்தோடு முதல் சந்திப்பிலேயே, எந்த இடம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், சாவி யாரிடம் என்பதை எழுதி வாங்கிக்கொள்கிறேன். தங்கள் நிறுவனத்தில் கட்டடக் குழு அமைத்தால் ஆய்வு மாணவியர் இருவரையாவது அதில் சேர்க்கும்படி விண்ணப்பியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தாவரவியல், நிலவியல், மானுடவியல் மாணவர்கள் தங்கி ஆய்வு செய்ய ஒரு சிறு களநிலையம் அமைக்க விரும்புகிறோம். தரைநாட்டு வளாகங்களைப் போல முற்றம் வைத்துக் கட்டலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: திறந்த முற்றம் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால், சேலத்தில் நாம் தேடும் நிழலும் காற்றும் அங்கே தேவையாக இருப்பதில்லை. மழையிலிருந்தும் மூடுபனியிலிருந்தும் ஒதுங்கிக் கதகதப்பாக உட்காரும் இடமே தேவை. பாறையை வெட்டிப் பெரிய சமதளம் உண்டாக்கி ஒரே கட்டடமாக எழுப்பாதீர்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகளும் அதற்கு இடம் தரமாட்டா, மலையும் மண்சரிவில் பதில் சொல்லும். சரிவின் போக்கிலேயே சிறு சிறு கட்டடங்களாகப் படி இறங்குங்கள். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு துறையும் தனித்தனி வீட்டில் ஒதுங்கிவிடும் என்பதால், சமையலறையையும் சாப்பாட்டு மேசையையும் நடுக் கட்டடத்தில் ஒன்றாக மட்டும் வைத்து, மற்றவற்றைக் கூரையிட்ட படிகளால் அதனோடு இணையுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது நுழைவாயிலில் வரும் ஈரத் தாழ்வாரம். களத்திலிருந்து திரும்பும் எல்லோரும் அங்கே சேற்றுக் காலணியைக் கழற்ற வேண்டும், மழைக்கோட்டைத் தொங்கவிட வேண்டும், கையில் கொண்டுவந்ததை ஒரு நீண்ட கடப்பைக்கல் மேசையில் இறக்கிவைக்க வேண்டும். ஒருவர் பறித்துவந்த செடிக்குப் பக்கத்தில் இன்னொருவரின் பாக்சைட் துண்டு கிடக்கும். இந்தச் செடி ஏன் அந்தச் செம்மண்ணில் மட்டும் வளர்கிறது என்ற கேள்வி அந்த மேசையில்தான் எழும். அந்தச் செடிக்கு மலையாளிப் பழங்குடியினர் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதை மானுடவியல் மாணவர் சேர்த்துக்கொள்வார். அந்த ஊர்ப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்து பேசும்படி அதே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சும் வையுங்கள். செடிகளை அழுத்திக் காயவைக்கவும் ஈரத்துணி உலர்த்தவும் ஒரே வெப்ப அறை போதும்.

கேள்வி: இன்று இருக்கும் துறைகள் இருபது ஆண்டில் இருக்குமா என்றே தெரியவில்லை. எதை நம்பிக் கட்டுவது? (ஓய்வுபெற்ற பேராசிரியர், சேலம்)

பதில்: மாற்ற முடியும் என்பதை நம்பிக் கட்ட வேண்டும், ஐயா. எம்.ஐ.டி.யில் 1943-இல் போர்க்கால ரேடார் ஆய்வுக்காக மரத்தால் அவசரமாக எழுப்பப்பட்ட 20-ஆம் எண் கட்டடம், தற்காலிகமானது என்று சொல்லப்பட்டும் 1998 வரை நின்றது. மொழியியல், மின்னணுவியல், அணு அறிவியல், ஒலியியல் என்று இடமில்லாத துறைகள் எல்லாம் அதில் அண்டை வீட்டாராயின. அழகற்ற கட்டடம் என்பதால் சுவரில் துளையிட யாரும் அனுமதி கேட்கவில்லை. அணுக்கடிகாரம் செய்த ஜெரால்ட் சக்கரியாஸ் தம் கருவி நிற்க உயரம் போதாமல் இரண்டு தளங்களின் தரையையே எடுத்துவிட்டார். கலிஃபோர்னியாவில் 1965-இல் லூயி கான் முடித்துக் கொடுத்த சால்க் நிலையம் அதே வசதியைத் திட்டமிட்டுத் தருகிறது. ஆய்வகத் தளத்துக்குள் தூண்களே இல்லை. ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் மட்டுமே ஒன்பதடி உயரத்தில் ஒரு தளம் உண்டு. அவ்வளவு செலவு நமக்கு இயலாது. நாம் செய்யக்கூடியது, எடையைத் தூண்களில் தாங்கவைத்து அறைத் தடுப்புகளை எடை தாங்காத சுவர்களாக வைப்பதும், குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வராந்தா ஓரத்தில் திறந்து பார்க்கும்படி கொண்டுபோவதும்தான்.

கேள்வி: கட்டடக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. வரைபடம் தொடங்குமுன் நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? (முதல் கடிதம் எழுதிய பேராசிரியரின் பின்குறிப்பு)

பதில்: இப்போதுள்ள வளாகத்தின் வரைபடத்தை ஐந்து பிரதிகள் எடுத்து, ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு மாணவரிடமும் நூலக ஊழியர் ஒருவரிடமும் கொடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 11 மணிக்கும், மதிய உணவு வேளையிலும், மாலை 4 மணிக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதைப் பென்சிலால் குறிக்கட்டும். ஐந்து தாள்களையும் சன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் சேரும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். சைக்கிள் நிறுத்தமாகவோ, வேப்ப மரத்தடியாகவோ இருக்கலாம். அந்தத் தாள்களைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே எழுதுகிறேன்.